பௌசானியாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிம்பியாவைப் பார்ப்பது எப்படி

பழைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த கிரேக்கத்து ஒலிம்பியாவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டு வருவது புல்லும், சரிந்து கிடக்கும் தூண் துண்டுகளும்தான். 'ஹீரா கோயில்' என்று ஒரு பலகை இருக்கும். உள்ளே என்ன இருந்தது, யார் கொடுத்தது, யார் செதுக்கியது என்பதெல்லாம் பலகையில் அடங்காது. கோயில் நின்றிருந்த காலத்திலேயே உள்ளே போய்ப் பார்த்து, இவ்வளவு விவரமாக எழுதி, அந்த எழுத்தும் அழியாமல் நம் கைக்கு வந்து சேர்ந்த ஒரே ஆள் பௌசானியாஸ். கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண எழுத்தாளர். இன்றைய துருக்கியில் சிபிலோஸ் மலையடியில் இருந்த மக்னீசியா அவருடைய ஊராக இருக்கலாம் என்பது அந்த மலையைப் பற்றி அவர் உரிமையோடு பேசுவதை வைத்துச் செய்த ஊகம். பத்துப் புத்தகம் எழுதியவர் தன் பெயரைக்கூட உள்ளே சொல்லவில்லை.

சுற்றுலாக் கையேடு மாதிரி முதல் பக்கத்திலிருந்து பிரித்து வைத்துக்கொண்டு நடந்தால் அவர் உங்களைச் சுவரில் கொண்டுபோய் முட்டவைப்பார். அவருக்கென்று ஒரு வரிசை இருக்கிறது, ஒரு பழக்கம் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் பிறகு சிரமமில்லை.

நூலும் எண்களும்

பதிப்பு எதுவானாலும் பக்க எண்ணை நம்பாதீர்கள். பௌசானியாஸை மூன்று எண்களால் சுட்டுவது வழக்கம்: புத்தகம், அத்தியாயம், பிரிவு. 5.17.3 என்றால் ஐந்தாம் புத்தகம், பதினேழாம் அத்தியாயம், மூன்றாம் பிரிவு. எந்த மொழிபெயர்ப்பிலும் இந்த எண் மாறாது. 1918 முதல் வெளிவந்த ஜோன்ஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எண்களும் ஒழுங்காக இருக்கின்றன. பீட்டர் லீவியின் 1971ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு கைக்கு அடக்கமானது, அடிக்குறிப்பும் நிறைய. ஆனால் அதில் புத்தகங்களின் வரிசை மாற்றப்பட்டிருக்கிறது: முதல் தொகுதியில் 1, 2, 7, 9, 10, இரண்டாவதில் 3, 4, 5, 6, 8. ஒலிம்பியாவுக்குப் போகிறவர் 'ஐந்தாம் புத்தகம் முதல் தொகுதியில்தானே இருக்கும்' என்று அதை எடுத்துப் போனால் வெறுங்கைதான்.

பத்துப் புத்தகங்களில் கிரேக்கத்தின் ஒன்பது வட்டாரங்கள்: அட்டிகா, கொரிந்தும் ஆர்கோலிஸும், லக்கோனியா, மெசீனியா, எலிஸ் (இதற்கு மட்டும் 5, 6 என இரண்டு புத்தகம்), அக்காயா, ஆர்க்கேடியா, பியோஷியா, போசிஸ். எலிஸுக்கு இரண்டு புத்தகம் போனதற்குக் காரணம் அங்கே இருக்கும் ஒலிம்பியா.

வரிசையைப் பிரித்து மறுபடி அடுக்குங்கள்

போவதற்கு முன்பே வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். வளாகத்தின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டு, கீழே உள்ள பகுதிகளைப் படித்துக்கொண்டே அந்தந்தக் கட்டடத்தின் மேல் எண்ணை எழுதுங்கள்.

5.10, 5.11: ஜீயஸ் கோயிலும் உள்ளே இருந்த தங்க, தந்தச் சிலையும்.
5.13: புராண வீரன் பெலோப்ஸின் இடம், ஜீயஸின் சாம்பல் பலிபீடம்.
5.14, 5.15: பலிபீடங்களின் பட்டியல், ஜீயஸ் சிலையைச் செய்த சிற்பி பீடியாஸின் பட்டறை.
5.16 முதல் 5.20.5 வரை: ஹீரா கோயிலும் அதனுள் இருந்த பொருள்களும்.
5.20.9 முதல்: மெட்ரூன் (தாய்த்தெய்வத்தின் கோயில்), பிலிப்பேயோன் (மாசிடோனிய மன்னன் பிலிப்பின் வட்டக் கட்டடம்).
5.21 முதல் 5.27 வரை: ஜீயஸ் சிலைகளும் மற்றக் காணிக்கைகளும்.
6.1 முதல் 6.18 வரை: வென்ற வீரர்களின் சிலைகள்.
6.19: கருவூலங்கள். 6.20, 6.21: ஓட்டத்திடலும் தேர்ப்பந்தயத் திடலும்.

பட்டியலைப் பார்த்தால் நேர்கோட்டில் நடந்துவந்தது போலத் தெரியும். அப்படி இல்லை. அவர் இனம் பிரித்து எழுதுகிறார்: முதலில் கோயில், அடுத்து பலிபீடங்கள் எல்லாம், அடுத்து ஜீயஸ் சிலைகள் எல்லாம், அப்புறம் வீரர்கள் எல்லாம். ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்ற இரண்டு சிலைகள் அவருடைய நூலில் நாற்பது பக்கம் தள்ளி இருக்கலாம். ஆகையால் ஒவ்வொரு இனத்துக்கும் அவர் வளாகத்தை ஒரு முறை சுற்றுகிறார் என்று வைத்துக்கொண்டு, வரைபடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நிறப் பென்சில் எடுங்கள்.

பலிபீடப் பட்டியலில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். 5.14.4இல் அவரே எச்சரிக்கிறார்: எலிஸ்காரர்கள் எந்த வரிசையில் பலி கொடுக்கிறார்களோ அந்த வரிசையில் சொல்லப்போகிறேன் என்று. அதாவது அது பூசை வரிசை, இருப்பிட வரிசை ஆகாது. ஒரு பலிபீடத்தை அடுத்து இன்னொன்றைச் சொன்னால் அது பக்கத்தில் இருந்ததாகப் பொருளில்லை. இந்த இரண்டு அத்தியாயத்தையும் முதல் சுற்றில் வரைபடத்தில் ஏற்றாமல் விட்டுவிடுங்கள். 'இன்னதுக்கு முன்னால்', 'இன்னதுக்கு வலப்பக்கம்' என்று இடம் சொல்லும் வரிகளை மட்டும் பொறுக்கிக்கொண்டால் போதும்.

சாம்பல் பலிபீடம் வேறு கதை. அதன் துல்லியமான இடத்தை 5.13.8இல் சொல்லிவிடுகிறார்: பெலோப்ஸின் இடத்துக்கும் ஹீரா கோயிலுக்கும் சம தூரத்தில், இரண்டுக்கும் முன்னால். உயரம் 22 அடி. பலியிட்ட விலங்குகளின் தொடை எரிந்த சாம்பலைக் கொண்டே எழுப்பியது. ஆண்டுக்கு ஒரு முறை, எலாபியோஸ் மாதம் 19ஆம் நாள், குறிசொல்லும் பூசாரிகள் சாம்பலை ஆல்பியோஸ் ஆற்றுத் தண்ணீரில் குழைத்துப் பூசுவார்கள். இன்று அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, சாம்பல்தானே. அந்த வெற்றிடத்தில் நின்று இந்தப் பிரிவைப் படியுங்கள். அருகில் போய்ப் பார்க்க ஒன்றுமில்லாத இடத்தில்தான் இந்த நூலின் அருமை தெரியும்.

ஒரு பிரிவை எப்படிப் படிப்பது

நான்கு குறிகள் போதும். இடம் சொல்லும் சொல்லுக்கு அடியில் கோடு. கண்ணால் பார்த்ததற்கு ஒரு புள்ளி. 'சொல்கிறார்கள்' என்று வந்தால் வளையம். அவருடைய சொந்த அபிப்பிராயத்துக்கு ஓரத்தில் ஒரு கீற்று.

ஹீரா கோயிலில் பழகிப் பாருங்கள். 5.16.1: கோயில் டோரிக் பாணி, சுற்றிலும் தூண்கள், பின்புற அறையில் இருக்கும் இரண்டு தூண்களில் ஒன்று ஓக் மரம். இது புள்ளி வைக்க வேண்டிய வரி. மரத்தால் இருந்த தூண்கள் பழுதுபடப் பழுதுபட ஒவ்வொன்றாகக் கல்லுக்கு மாறின. கடைசியாக மிஞ்சிய மரத்தூண் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. இன்று போய் நின்று தூண்களைப் பாருங்கள்: பருமன் ஒன்றுபோல் இல்லை, தலைப்பகுதியின் வளைவு ஒன்றுபோல் இல்லை. அந்தந்தக் காலத்துக் கொத்தன் அந்தந்தக் காலத்துப் பாணியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவருடைய ஒரே வரி இல்லாவிட்டால் இது புரிந்திருக்காது.

அடுத்து 5.17.3. காணிக்கைகளை அடுக்கிக்கொண்டே வந்தவர், குழந்தை டயோனிசஸைத் தூக்கிவைத்திருக்கும் கல் ஹெர்மீஸ், சிற்பி பிராக்ஸிடெலீஸின் வேலை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். 1877 மே மாதம் ஜெர்மன் அகழாய்வாளர்கள் இதே கோயிலுக்குள் அந்தச் சிலையை எடுத்தார்கள். இப்போது ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் அதற்குத் தனி அறை. இங்கே கவனம் தேவை: சிலை இருந்த இடமும், அவர் காலத்தில் அதற்கு வழங்கிய பெயரும் உறுதி. அது பிராக்ஸிடெலீஸின் கையே செதுக்கியதா, பிற்காலத்தில் செய்த நகலா என்பது ஆய்வாளர்களிடையே தீராத வழக்கு. பௌசானியாஸ் சாட்சி சொல்வது கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குத்தான்; கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்கு அவரும் நம்மைப் போலப் பின்னால் வந்தவரே.

அதே கோயிலில் இருந்த, கொரிந்தை ஆண்ட கிப்செலோஸின் பேழைக்கு 5.17.5 முதல் இரண்டரை அத்தியாயம் போகிறது. கேதுரு மரம், தந்தம், தங்கம், அதில் உருவங்கள், உருவங்களுக்குப் பக்கத்தில் எழுத்து. சில எழுத்துகள் ஒரு வரி இடமிருந்து வலம், அடுத்த வரி வலமிருந்து இடம் என்று, உழுகிற மாடு வரப்பில் திரும்புவது போலப் போகின்றன என்று விளக்குகிறார். பேழை அழிந்துவிட்டது. படிக்கும்போது ஒரு தாளில் ஐந்து பட்டைகள் போட்டுக்கொள்ளுங்கள். அவர் கீழ்ப்பட்டையிலிருந்து தொடங்கி மேலே ஏறுகிறார். மேலிருந்து நிரப்ப ஆரம்பித்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

வளையம் போடும் வேலையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 6.3.8இல் அவரே சொல்லிவிட்டார்: கிரேக்கர்கள் சொல்வதைச் சொல்ல வேண்டியது என் கடமை, எல்லாவற்றையும் நம்ப வேண்டிய கடமை இல்லை என்று. தூரத்துச் சங்கதிகளில் இது இன்னும் அவசியம். 3.12.4இல் இந்தியா வருகிறது: அங்கே கப்பலில் போகிறவர்கள் சொல்கிறார்களாம், இந்தியர்கள் கிரேக்கச் சரக்குக்கு மாற்றுச் சரக்கு கொடுக்கிறார்கள், தங்கமும் வெண்கலமும் ஏராளமாக இருந்தும் நாணயம் என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது என்று. கொங்கு நாட்டு மண்ணில் குவியல் குவியலாக ரோமானிய நாணயம் எடுத்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆனால் வாக்கியத்தில் 'சொல்கிறார்கள்' இருக்கிறது, அவர் பொறுப்பேற்கவில்லை. 9.21.4இல் இன்னும் நேர்த்தியாக நடந்துகொள்கிறார். தாடைக்கு மூன்று வரிசைப் பல், வாலில் அம்புபோல் எய்யும் முள் என்று க்டீசியாஸ் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதிய இந்திய விலங்கை எடுத்துக்கொண்டு, இது புலியாகத்தான் இருக்கும், பயத்தில் கூட்டிச் சொல்லியிருப்பார்கள் என்கிறார். இது ஓரத்தில் கீற்றுப் போட வேண்டிய இடம்.

வலம் என்றால் யாருக்கு வலம்?

ஜீயஸ் கோயிலின் கிழக்கு முகப்பு முக்கோணத்தில் பெலோப்ஸும் ஒய்னோமாவோஸ் அரசனும் தேர்ப்பந்தயம் தொடங்கப்போகும் காட்சி. 5.10.6: நடுவில் ஜீயஸ், ஜீயஸின் வலப்பக்கம் ஒய்னோமாவோஸ், மனைவி ஸ்டெரோப், தேரோட்டி, நான்கு குதிரைகள், இரண்டு ஆட்கள், மூலையில் கிளாடியோஸ் ஆறு, இடப்பக்கம் பெலோப்ஸ், ஹிப்போடாமியா, தேரோட்டி, குதிரைகள், இரண்டு ஆட்கள், மூலையில் ஆல்பியோஸ் ஆறு. சிலைத்துண்டுகள் கிடைத்துவிட்டன, விளக்கமும் கையில் இருக்கிறது. பிறகு என்ன தகராறு? வலம் என்பது ஜீயஸுக்கு வலமா, பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு வலமா? அதை அவர் சொல்லவில்லை. நூறாண்டுக்கும் மேலாக இதற்கு வாதம் நடக்கிறது.

நீங்களே சோதிக்கலாம். கோயிலின் கிழக்குப் பக்கம் போய் மேற்கு நோக்கி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம் தெற்கு. ஆல்பியோஸ் ஓடுவது அங்கே. கிளாடியோஸ் வடக்கிலிருந்து வளாகத்தின் மேற்கோரமாக இறங்கி ஆல்பியோஸில் விழுகிறது. பார்ப்பவருக்கு வலம் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு ஆறும் தத்தம் பக்கத்தில் பொருந்தி உட்காருகின்றன. இது முடிவான தீர்ப்பாகாது. பெலோப்ஸுக்கு மங்கலமான வலப்பக்கம் வேண்டாமா என்று எதிர்க்கட்சி கேட்கும். அருங்காட்சியகத்தில் சிலைகளை அடுக்கியிருக்கும் வரிசையும் ஒரு கட்சிதான். வேறெங்கும் வலம், இடம் வந்தால் இதே சோதனை: அவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்று முந்தைய இரண்டு பிரிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்புங்கள்.

அவர் தவறும் இடங்கள்

மேற்கு முக்கோணத்தின் நடுவில் கை நீட்டி நிற்பவரைப் பெய்ரித்தூஸ் என்ற புராண அரசன் என்கிறார். இன்று எல்லோரும் அப்பல்லோ என்று கொள்கிறார்கள். ஹெராக்ளீஸின் சாகசங்களைச் செதுக்கிய பலகைகள் பன்னிரண்டு. 5.10.9இல் எண்ணிப் பாருங்கள், பதினொன்றுதான் வரும். நரகத்து நாய் கெர்பெரோஸ் விட்டுப்போனது. இன்னொன்று: அட்லஸ் தாங்கும் வானச் சுமையை ஹெராக்ளீஸ் வாங்கப்போகிறான் என்று எழுதுகிறார். பலகையில் சுமை ஏற்கெனவே ஹெராக்ளீஸின் தோளில்; அட்லஸ் கையில் ஆப்பிள்களோடு வருகிறான். அருங்காட்சியகத்தில் கண்மட்டத்தில் பார்க்கும் நமக்கு இது எளிது. அவர் பார்த்தது தூண்களுக்கும் மேலே, கூரை நிழலில். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர் செய்யும் பிழை அது. இப்படிப்பட்ட பிழை அவர் அங்கே நின்றார் என்பதற்கே ஒரு சாட்சி.

பிலிப்பேயோன் சுட்ட செங்கல்லால் கட்டியது என்கிறார் (5.20.10). வட்டமான அந்த அடித்தளம் இன்றும் இருக்கிறது, கல். சுவரின் மேற்பூச்சைப் பார்த்து ஏமாந்திருக்கலாம்.

விட்டுவிடுவதும் ஒரு பழக்கம். பழைய கிரேக்கம் என்றால் அத்தியாயம் அத்தியாயமாக எழுதுவார். தன் காலத்து ரோமானியக் கட்டடம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஏதென்ஸ் செல்வர் ஹெரோடிஸ் அட்டிகஸ் ஒலிம்பியாவில் கட்டிய பெரிய நீரூற்று மண்டபத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆகவே 'பௌசானியாஸ் சொல்லவில்லை, அதனால் அப்போது இல்லை' என்ற வாதத்தை எங்கே கண்டாலும் நிராகரியுங்கள். அவர் எழுதிய காலத்தை அவர் வாக்கியத்தை வைத்தே கணக்கிடலாம்: 5.1.2இல் இன்றைய கொரிந்தியர் குடியேறி 217 ஆண்டு என்கிறார், குடியேற்றம் கி.மு. 44, ஆக ஐந்தாம் புத்தகம் கி.பி. 174 வாக்கில்.

மாறாக, இன்னொரு சிறு குறிப்பு பிற்பாடு பெரிதாக நிரூபணமானது. வளாகத்துக்கு வெளியே 'பீடியாஸின் பட்டறை' என்று ஒரு கட்டடம் என்கிறார் 5.15.1இல். பிற்காலத்தில் அது கிறிஸ்தவக் கோயிலாக மாறிவிட்டது. 1950களில் அங்கே தோண்டியபோது ஆடை மடிப்புகளுக்கான மண் அச்சுகளும், 'நான் பீடியாஸுக்குச் சொந்தம்' என்று கீறிய குவளையும் கிடைத்தன.

சாலையில் போகும்போது

ஊருக்கு வெளியே அவர் முறை மாறும். ஒரு வட்டாரத்தின் எல்லையிலிருந்து நேராகத் தலைநகருக்கு வருவார். அதை முடித்துவிட்டு அங்கிருந்து கிளம்பும் ஒவ்வொரு சாலையிலும் எல்லைவரை போவார், மறுபடி நகருக்கே திரும்பி அடுத்த சாலையைப் பிடிப்பார். சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி. திரும்பி வந்ததைச் சொல்லமாட்டார். 1873இல் விலமோவிட்ஸ் என்ற ஜெர்மானியக் கிரேக்க மொழி அறிஞர் ஒலிம்பியாவிலிருந்து ஹெரேயாவுக்கு ஒரு குழுவை இவருடைய நூலை வைத்து அழைத்துப்போய் வழி தடுமாறினார். பௌசானியாஸ் அந்தச் சாலையை ஹெரேயாவிலிருந்து ஒலிம்பியாவுக்கு விவரித்திருந்தார். புத்தகம் வருகிற வழியைச் சொல்ல, குழு போகிற வழியில் நடந்தது. அதற்கப்புறம் விலமோவிட்ஸ் பௌசானியாஸை வாழ்நாளெல்லாம் கரித்துக்கொட்டினார். நீங்கள் எதிர்த்திசையில் போகவேண்டி வந்தால் பிரிவுகளைக் கடைசியிலிருந்து படியுங்கள். இடம் வலத்தையும் மாற்றுங்கள்.

ஓட்டத்திடலில் முடியுங்கள்

வெயில் ஏறுவதற்கு முன் வளாகம், உச்சி வெயிலில் அருங்காட்சியகம், சாயங்காலம் ஓட்டத்திடல். மெட்ரூனைத் தாண்டிக் குரோனியோன் மலையடியில் ஒரு வரிசைப் பீடங்கள் தெரியும். பந்தயத்தில் லஞ்சம் கொடுத்துப் பிடிபட்டவர்களிடம் வசூலித்த அபராதத்தில் செய்த வெண்கல ஜீயஸ்கள் நின்ற பீடங்கள் (5.21.2 முதல்). முதல் ஆறும் 98ஆம் ஒலிம்பியாடில் (நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நடந்த போட்டியின் வரிசை எண்), தெஸ்ஸலிக்காரன் யூபோலோஸ் குத்துச்சண்டை எதிராளிகளுக்குப் பணம் கொடுத்ததற்காக. திடலுக்குள் போகும் வீரன் ஒவ்வொருவனும் இவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். வரிசை முடியும் இடத்தில் மறைவான நுழைவாயில் என்று 6.20.8 சொல்கிறது, அந்த வளைவின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது.

உள்ளே தெற்கு மேட்டில் நடுவர் மேடை, எதிரே வடக்கு மேட்டில் வெள்ளைப் பளிங்குப் பலிபீடம். மணமான பெண்களில் டெமெட்டர் கமீனியின் பூசாரிணி ஒருத்தி மட்டும் அங்கே அமர்ந்து போட்டியைப் பார்க்கலாம் (6.20.9).

தொடக்கக் கோட்டுக் கல்லில் இருந்து முடிவுக் கல்வரை 192.27 மீட்டர், அதாவது 600 ஒலிம்பிய அடி, ஒரு ஸ்டேடியோன். சாதாரண நடையில் அங்கிருந்து இங்கே நடந்து உங்கள் அடிகளை எண்ணுங்கள். பெரும்பாலோருக்கு 260 முதல் 290 வரை வரும். அந்த எண்ணை நூலின் உள்ளட்டையில் குறித்துவையுங்கள். சாலைத் தூரங்களுக்கு அவர் ஸ்டேடியோனையே சொல்கிறார். ஊருக்கு ஊர் அடி மாறுவதால் 180 மீட்டர் சொச்சம் என்று வைத்துக்கொண்டு, உங்கள் எண்ணிலிருந்து பதினைந்தைக் கழித்து நடந்தால் நாளை காலை எந்தப் பாழில் எந்த மேட்டைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.